"மருந்து எடுத்தாயிற்று" என்ற ஒரு வரி: பழைய தோட்டா சேகரிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழைய தோட்டாக்களைச் சேகரித்து வந்த ஒருவர் இறந்த பிறகு, அவர் விட்டுச்சென்றவற்றைப் பட்டியலிட்டு மதிப்பிட்டுத் தரும்படி குடும்பத்தார் கேட்டார்கள். அந்த வேலையின்போது நடந்ததன் பதிவு இது. பெயர்களையும் ஊரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

அவர் இயந்திரப் பொறியாளர். துப்பாக்கி எதுவும் வைத்திருந்ததில்லை, சுடுவதிலும் ஆர்வமில்லை. அவரை இழுத்தது தோட்டாவின் அடிப்பாகத்தில் இருக்கும் முத்திரைதான். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் பலரும் அப்படித்தான். ஒரு நாணயத்தின் அளவுகூட இல்லாத அந்த வட்டத்தில் தயாரித்த ஆலை, ஆண்டு, வகை எல்லாம் பொறிக்கப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் ராணுவ ரைபிளின் .303 தோட்டாவில் ரோமன் எழுத்தில் ஏழு என்று இருந்தால் அது 1910-ல் ஏற்கப்பட்ட ஏழாம் மார்க் (ஏழாவது வடிவம்) வகை. கூடவே இசட் என்ற எழுத்து இருந்தால் உள்ளே குண்டை உந்தும் மருந்தாகக் கார்டைட்டுக்குப் பதில் நைட்ரோசெல்லுலோஸ் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அமெரிக்கத் தோட்டாவில் எஃப் ஏ என்றால் ஃபிராங்க்ஃபோர்ட் ஆர்செனல் என்ற ஆலை, பக்கத்தில் இரண்டு இலக்கத்தில் ஆண்டு. இதைப் படிக்கப் பழகியவருக்கு ஒரு டிராயரைத் திறப்பதே பெரிய சந்தோஷம்.

மர அலமாரியில் வரிசையாக டிராயர்கள். மேலே வேட்டைத் தோட்டாக்கள், நடுவில் இரண்டு உலகப் போர்க் கால ரைபிள் தோட்டாக்கள், அடியில் பெரியவை. எல்லாவற்றுக்கும் எண் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். அதன் முதல் பக்கத்தில் அவர் கையெழுத்தில், "எல்லாவற்றிலும் மருந்து எடுத்தாயிற்று. பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தது. குடும்பத்தார் இந்த வரியைத்தான் நம்பியிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் அந்த டிராயர்களைத் திறந்து விளையாடியதும் உண்டு.

என்னோடு, ராணுவப் படைக்கலப் பிரிவில் வெடிபொருள் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும் வந்திருந்தார். இந்த நிகழ்வு நல்லபடியாக முடிந்ததில் பாதிப் பங்கு அவருடையது.

பார்வையிட்டபோது தெரிந்தவை

முதலில் பார்த்தவை நிம்மதி தந்தன. ஆலையிலேயே பயிற்சிக்காகச் செய்த போலித் தோட்டாக்கள் நிறைய இருந்தன. அமெரிக்க .30-06 வகையில் கூட்டின் நீளவாக்கில் பள்ளங்களும் பக்கத்தில் துளையும் இருந்தன. பிரிட்டிஷ் பயிற்சித் தோட்டாக்களின் பள்ளங்களில் சிவப்புச் சாயம், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி. துளை வழியே விளக்கு அடித்தால் உட்சுவர் தெரிகிறது, பிரைமர் இல்லை என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. இவற்றைச் செயலற்றவை என்று சொல்ல யாருடைய வாக்குமூலமும் வேண்டியதில்லை.

அடுத்து, சேகரித்தவரே பக்கவாட்டில் துளையிட்டவை. துளை சுத்தமாக இருந்தது, உள்ளே மருந்து இல்லை. ஆனால் பலவற்றில் பிரைமர் அப்படியே இருந்தது, துப்பாக்கியின் ஊசி பட்ட தடமே இல்லை. இங்கேதான் பல சேகரிப்பாளர்கள் சறுக்குகிறார்கள். உந்து மருந்தைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பிரைமர் என்பது தட்டினால் வெடிக்கும் ஒரு சிறிய வெடிபொருள். மருந்தில்லாத கூட்டிலும் அது வெடிக்கும், உலோகச் சில்லு கண்ணில் பட அது போதும். எண்ணெயில் ஊறவைத்தால் பிரைமர் செத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அரக்குப் பூசி அடைத்த ராணுவப் பிரைமர்களில் அதை நம்பவே முடியாது.

பிறகு .303 டிராயர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இவற்றில் துளை இல்லை. நோட்டில் பல எண்களுக்கு நேரே "உலுக்கிப் பார்த்தேன், சத்தமில்லை, காலி" என்று இருந்தது. குருணை மருந்து போட்ட பல தோட்டாக்களை உலுக்கினால் லேசாகச் சலசலக்கும். அதனால் சத்தம் வராவிட்டால் காலி என்று முடிவு கட்டியிருக்கிறார். ஆனால் .303 தோட்டாவில் இருந்த கார்டைட் குருணையே அல்ல. சேமியாவைப் போல நீண்ட குச்சிகளாகக் கூட்டுக்குள் நெருக்கமாக நிற்கும், அதன் தலையில் ஓர் அட்டை வில்லை இருக்கும். எவ்வளவு உலுக்கினாலும் அசையாது. நிரம்பிய தோட்டாவும் காலித் தோட்டாவும் காதுக்கு ஒன்றுதான்.

நண்பர் நகை நிறுக்கும் தராசு ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். ஏழாம் மார்க் தோட்டாவின் குண்டு மட்டும் 11.3 கிராம். மருந்து சுமார் 2.4 கிராம். முழுத் தோட்டா ஏறக்குறைய 25 கிராம் வரும். மருந்து இல்லாவிட்டால் 22-ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தோம். பெரும்பாலானவை 22-ஐ ஒட்டியே காட்டின. நான்கு மட்டும் 25 காட்டின. நால்வகை முத்திரை, நாலும் வேறு வேறு ஆண்டு. ஆனால் நோட்டில் நான்குக்கும் ஒரே வாசகம்: சத்தமில்லை, காலி.

தராசு ஒரு பக்கமாகத்தான் தீர்ப்பு சொல்லும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். எடை அதிகமென்றால் சந்தேகம் உறுதி. எடை குறைவென்றால் மருந்து இல்லை என்பதுதான் தெரியும். பிரைமர் உயிரோடு இருக்கிறதா என்று அது சொல்லாது.

இன்னொரு சிறு கூட்டம், பிரைமரில் ஊசி பட்ட பள்ளத்தோடு குண்டும் அப்படியே இருந்தவை. "ஊசி பட்டுவிட்டது, இனி வெடிக்காது" என்று நோட்டில் குறிப்பு. சுட்டும் வெடிக்காமல் போன தோட்டாவின் தோற்றமும் இதுவேதான். அதற்குள் மருந்து, பிரைமர் இரண்டும் முழுசாக இருக்கலாம். ஊசிப் பள்ளம் எதையும் நிரூபிப்பதில்லை.

வேட்டை டிராயரில் 12 போர் (துப்பாக்கிக் குழல் அளவின் பெயர்) காகிதத் தோட்டாக்கள் அழகாக இருந்தன. சில அந்துப்பூச்சி அரித்து வாய் பிரிந்து, உள்ளிருந்த ஈயச் சிறுகுண்டுகள் மேல் வெள்ளைப் பொடி படிந்து கிடந்தன. மர அலமாரியிலிருந்து, குறிப்பாக ஓக் மரத்திலிருந்து, கசியும் அமில ஆவி ஈயத்தை இப்படி அரிக்கும். அந்தப் பொடி நஞ்சு என்பதால் கையுறை போட்டோம். இவற்றோடு சில ஊசித் தோட்டாக்களும் கலந்து கிடந்தன. 1830-களில் பிரான்சில் உருவான வகை இது: பக்கவாட்டில் ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், சுத்தியல் அதை அடித்தால் உள்ளிருக்கும் வெடி மூடி வெடிக்கும். ஊசி நீட்டிய தோட்டா என்பது தன் தூண்டுகோலைத் தானே சுமந்துகொண்டிருக்கும் தோட்டா. கீழே விழுந்து ஊசி தரையில் பட்டாலே போதும். இவை பஞ்சு, அட்டை எதுவுமில்லாமல் ஒன்றோடொன்று உரசிக் கிடந்தன.

முனையில் நீலமும் சிவப்பும் பூசிய சில அமெரிக்கத் தோட்டாக்களுக்கு முறையாகத் துளையிட்டு, மருந்து எடுத்து, பிரைமரையும் நீக்கியிருந்தார். கூட்டைப் பொறுத்தவரை வேலை சுத்தம். ஆனால் அந்த வரிசையில் நீல முனை தீக்கொளுத்திக் குண்டு, சிவப்பு முனை பறக்கும் வழியை ஒளியால் காட்டும் டிரேசர். அவற்றின் கலவை இருப்பது குண்டுக்குள்ளே. கூடு காலியாவதால் குண்டு காலியாகிவிடுவதில்லை.

அடி டிராயரில் இருந்தது

அங்கே ஒரே ஒரு 20 மி.மீ. விமானப் பீரங்கித் தோட்டா இருந்தது. அதன் குண்டு நீலச் சாயத்தில் புதிதுபோல மின்னியது. நீலம் பயிற்சிக் குண்டுக்கான நிறம், அதனால் பிரச்சினையில்லை என்பது குடும்பத்தின் மூத்த மகனின் எண்ணம். நீலம் பயிற்சிக்கு உரியது என்பது பல படைகளில் பரவிய வழக்கம்தான். ஆனால் நாடும் காலமும் மாறினால் நிறத்தின் பொருளும் மாறும். அதைவிட முக்கியம், சாயம் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

நண்பர் அதைத் தொடவில்லை. குனிந்து விளக்கடித்து, குண்டின் அடிப்பகுதியைச் சுற்றியிருந்த செம்பு வளையத்தைப் பார்த்தார். அதில் சரிவாக, சம இடைவெளியில் பள்ளங்கள். பீரங்கிக் குழாயின் உட்சுழல் வரிகள் அந்த வளையத்தில் பதிந்தால்தான் அப்படி வரும். சுடாத குண்டில் வளையம் வழவழப்பாக இருக்கும்.

அதாவது இது ஒருமுறை சுடப்பட்ட குண்டு. எங்கோ மண்ணில் கிடந்ததை யாரோ எடுத்துத் துடைத்து, வேறொரு காலிக் கூட்டில் செருகி, சாயம் பூசி விற்றிருக்கிறார்கள். முனையில் திருகியிருந்தது, குண்டை வெடிக்கவைக்கும் ஃபியூஸ். சுடாத குண்டின் ஃபியூஸ் பூட்டிய நிலையில் இருக்கும். சுடும்போது ஏற்படும் அதிர்வும் சுழற்சியும் அந்தப் பூட்டைத் திறந்துவிடும். திறந்தும் வெடிக்காமல் விழுந்த குண்டுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்பது வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாத விஷயம். இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பட்டியல் வேலை அந்த நிமிடமே நின்றது. டிராயரை மூடக்கூட இல்லை, திறந்தபடியே விட்டு அறையை விட்டு எல்லாரும் வெளியே வந்தோம். அறைக் கதவைச் சாத்தி, வீட்டிலிருந்தவர்களை மறுபக்கம் அனுப்பிவிட்டுக் காவல்துறையைக் கூப்பிட்டு, என்ன அளவு, எங்கே இருக்கிறது, எந்த அடையாளம் தெரிகிறது என்று சொன்னோம்.

மகனுக்கு இது அதிகப்படியாகத் தோன்றியது. "மாமா, முப்பது வருஷமா அதே டிராயர்ல கிடக்கு. பசங்க கையில வச்சு விளையாடியிருக்காங்க. இன்னிக்கு மட்டும் என்ன ஆகப்போகுது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நண்பர் சொன்ன பதில்: "தம்பி, இவ்வளவு நாள் ஒண்ணும் ஆகலைங்கிறது அது பத்திரமா இருந்ததுக்குச் சாட்சி இல்ல, நமக்கு அதிர்ஷ்டம் இருந்ததுக்குச் சாட்சி." டிஎன்டி போன்ற வெடிமருந்துகள் பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். துருப்பிடிப்பது ஃபியூஸின் உள்பாகங்கள்தான், அது எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் சொல்ல முடியாது. முதல் உலகப் போரின் குண்டுகள் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் உழவு நிலங்களிலிருந்து இன்றும் வெளிவந்துகொண்டுதான் இருக்கின்றன, ஆளையும் கொன்றிருக்கின்றன.

இன்னொருவர் வாளி நீரில் போட்டுவிடலாம் என்றார். மறுத்தோம். தண்ணீர் ஃபியூஸை ஒன்றும் செய்யாது. ஆபத்து அதை எடுப்பதிலும் நகர்த்துவதிலும்தான் இருக்கிறது. காரில் வைத்துக் காவல்நிலையத்துக்குக் கொண்டுபோகும் யோசனைக்கும் அதே பதில்.

சிறு தோட்டாக்களைப் பற்றி எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. நீல, சிவப்பு முனைக் குண்டுகளைத் தனியே பெட்டியில் வைத்துச் சேகரிப்பிலேயே தொடரலாம், உரிமம் உள்ளவருக்குக் கொடுத்தால் போதும் என்பது நண்பரின் எண்ணம். எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்தச் சேகரிப்பு "செயலற்றது" என்ற பெயரில் வேறு கைகளுக்குப் போகப்போகிறது. அந்தப் பெயருக்குள் ஒரு தீக்கொளுத்திக் குண்டு இருந்தாலும் அடுத்தவர் அதே நோட்டு வரியை நம்பித்தான் வாங்குவார். கடைசியில் 25 கிராம் காட்டிய நான்கு, ஊசிப் பள்ளம் உள்ளவை, ஊசித் தோட்டாக்கள், நிற முனைகள், திறந்து பார்க்க வழியில்லாத காகிதத் தோட்டாக்கள் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதி, வரும் குழுவிடமே ஒப்படைப்பது என்று முடிவானது.

எங்களில் ஒருவர் அவற்றைப் பிரித்து மருந்தை எடுத்துவிடலாமே என்ற கேள்வியும் வந்தது. அதற்கு வேண்டிய கருவியும் அனுபவமும் நண்பரிடம் இருந்தன. ஆனால் பல நாடுகளில் தோட்டாவை வைத்திருப்பதே உரிமத்துக்கு உட்பட்டது. மருந்து இருப்பது தெரிந்த பிறகு, உரிமம் இல்லாத வீட்டில் அதைப் பிரிப்பது புதிதாக ஒரு சிக்கலை உண்டாக்கும். தெரியாமல் வைத்திருந்த குடும்பம் என்பதிலிருந்து தெரிந்து கையாண்ட குடும்பம் என்றாகிவிடும்.

பின்னர் நடந்தவை

வெடிபொருள் செயலிழப்புக் குழு வந்து, கையோடு கொண்டுவந்த எக்ஸ்ரே கருவியால் 20 மி.மீ. குண்டை இருந்த இடத்திலேயே படம் பிடித்தது. உள்ளே நிரப்பு இருந்தது, ஃபியூஸும் உண்மையானது. வீட்டை முழுவதும் காலி செய்யச் சொல்லி, குண்டைத் தங்கள் கலத்தில் வைத்து எடுத்துப்போய், வேறிடத்தில் அழித்தார்கள். கூடு மட்டும் காலி என்று உறுதிசெய்து திருப்பித் தந்தார்கள்.

சிறு தோட்டாக்களையும் பட்டியலைச் சரிபார்த்து எடுத்துக்கொண்டு, எண் வாரியாக ரசீது தந்தார்கள். காவல்துறை விசாரணை நடந்தது. எங்கே வாங்கினார், யாரிடமிருந்து, எப்போது என்று கேட்டார்கள். இந்த இடத்தில் நோட்டு கைகொடுத்தது. உலுக்கிப் பார்த்தது போன்ற குறிப்புகள் தவறானவை என்றாலும், வாங்கிய ஆண்டும் இடமும் ஒழுங்காக இருந்ததால், மறைத்து வைக்கும் எண்ணம் இல்லை என்பது விளங்கியது. குடும்பத்தின் மீது வழக்கு எதுவும் பதிவாகவில்லை.

இழப்பும் இருந்தது. ஊசித் தோட்டாக்களில் ஒன்றின் முத்திரை அரிதானது, நான் நேரில் பார்த்தது அது ஒன்றைத்தான். நாலு பக்கமும் படம் எடுத்து, அளவுகளைக் குறித்த பிறகே ஒப்படைத்தோம். படத்தோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

மிச்சமிருந்தவற்றில் துளையும் பிரைமர் இல்லாத குழியும் கண்ணால் பார்த்து உறுதியானவை மட்டும் முதல் பட்டியலில் சேர்ந்தன. உயிருள்ள பிரைமர் இருந்த துளைத் தோட்டாக்கள், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் போய், பிரைமர் நீக்கப்பட்டுத் திரும்பி வந்தன.

இடையில் மகள் பித்தளை எல்லாவற்றையும் மெருகேற்றிவிடலாம் என்று ஒரு புட்டியோடு வந்தார். அதில் அமோனியா இருந்தது, வேண்டாம் என்று தடுத்தோம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலங்களில் தோட்டாக் கூடுகள் காரணம் தெரியாமல் விரிசல் விட்டுப் பிளந்தன. குதிரை லாயங்களிலிருந்து வரும் அமோனியாவும், கூட்டை உருவாக்கும்போது உலோகத்தில் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-ல் வெளியான ஆய்வில்தான் தெளிவானது. பழைய கூட்டின் கழுத்தில் இன்றும் அந்த இறுக்கம் இருக்கலாம். உலர்ந்த மென்துணி போதும். கறுத்த பித்தளை சேகரிப்பாளருக்குக் குறையும் அல்ல.

மாற்ற வேண்டியவை

முதலாவது வரிசை. இனி இப்படி ஒரு சேகரிப்பைப் பார்க்கப் போனால், அடி டிராயரிலிருந்துதான் தொடங்குவேன். 12.7 மி.மீ.க்கு மேற்பட்ட எதுவானாலும் குண்டுக்குள்ளேயே வெடிமருந்து இருக்கலாம் என்ற கணக்கில், தொடாமல் பார்த்து முடித்த பிறகே மற்றவை. போன இடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான்: பெரிதாக ஏதாவது இருக்கிறதா, யாராவது அதை நகர்த்தினார்களா?

சேகரிப்பவர்களின் பதிவு முறை மாற வேண்டும். முதல் பக்கத்தில் ஒரே வரியில் எல்லாவற்றுக்கும் சான்று தருவதில் பயனில்லை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனி அட்டை வேண்டும். மருந்து எடுத்தது யார், எப்படித் தெரியும், பிரைமர் என்ன ஆயிற்று, குண்டு என்ன வகை, எடை எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். "வாங்கியபோது அப்படிச் சொன்னார்கள்" என்பது மட்டுமே ஆதாரமென்றால் அதையும் அப்படியே எழுதிவிட வேண்டும். படிப்பவர் எச்சரிக்கையாக இருப்பார்.

துளை போடுவதைப் பற்றிச் சேகரிப்பாளர்களிடையே ஓயாத வாக்குவாதம் உண்டு. துளையிட்டால் மதிப்பு போய்விடும் என்பார்கள். அரிய தோட்டாவில் எனக்கும் அந்த மனக்கஷ்டம் உண்டு. ஆனால் துளையிடாமல் வைத்துக்கொள்ளத்தக்க அளவு அரிதானது என்றால், உரிமமும் காப்பறையும் உள்ள அருங்காட்சியகம்தான் அதற்கு இடம், பிள்ளைகள் திறக்கும் டிராயர் அல்ல. வீட்டில் வைக்க ஆலையில் செய்த பயிற்சித் தோட்டாக்களே போதும். அவற்றிலேயே ஆயுள் முழுக்கத் தேடும் அளவுக்கு வகைகள் இருக்கின்றன.

குடும்பத்தாருக்கும் ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும். எதைத் தொடக்கூடாது, யாரைக் கூப்பிட வேண்டும், எந்த உரிமம் எங்கே இருக்கிறது என்பவை. இந்த வீட்டில் அப்படி ஒன்று இல்லாததால், அந்த 20 மி.மீ. தோட்டாவை எங்கள் வருகைக்கு முதல் நாள் மகள் ஹாலுக்கு எடுத்து வந்து, தூசி தட்டி, மறுபடி டிராயரில் வைத்திருக்கிறார். இது எங்களுக்குத் தெரியவந்தது குழு அதை எடுத்துப்போன பிறகு.

சேகரிப்பு இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ராணுவத் தோட்டாக்கள் உரிமம் உள்ள ஒரு சேகரிப்பாளரிடம், அட்டைகளோடு. வேட்டைத் தோட்டாக்களில் செயலற்றவை என்று உறுதியான சிலவற்றை மகள் வைத்துக்கொண்டார். நோட்டின் முதல் பக்க வரியை அவர் அடித்துவிட்டு, ரசீது எண்ணை அதன் கீழே எழுதியிருக்கிறார்.